விருப்பப் பிரிவும் விதிக்கப்பட்ட வேலையும்: ராணுவ ஆட்சேர்ப்பில் தேர்வு செய்யும் உரிமை யாருக்கு?

இந்திய ராணுவத்தின் அக்னிவீர் ஆட்சேர்ப்பில் 2025ஆம் ஆண்டு ஒரு மாற்றம் செய்யப்பட்டது. அதன்படி விண்ணப்பிக்கும் இளைஞர், தம் தகுதிக்கு உட்பட்ட எவையேனும் இரண்டு பிரிவுகளுக்கு விருப்ப வரிசையோடு விண்ணப்பிக்கலாம். பொதுப்பணி, தொழில்நுட்பம், அலுவலக உதவியாளர் மற்றும் பண்டகக் காப்பாளர், டிரேட்ஸ்மேன் ஆகிய பிரிவுகளுள் எது முதலாவது, எது இரண்டாவது என்று அவரே குறிப்பிடலாம். பொது நுழைவுத் தேர்வை இப்போது தமிழிலும் எழுத முடிகிறது. சீருடை அணிவதற்கு முன்பே, அந்தச் சீருடைக்குள் தாம் செய்யப்போகும் வேலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இளைஞர்களுக்குக் கிடைத்துவிட்டதாக இந்த மாற்றம் வரவேற்கப்பட்டது.

இந்த உரிமை உண்மையானதா, யாருக்கு எவ்வளவு உண்மையானது என்பதை ஆராய வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்திய ராணுவத்தில் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பது வெறும் நிர்வாகச் செய்தி அன்று. யார் துப்பாக்கி ஏந்துவது, யார் மண் வெட்டுவது, யார் துணி வெளுப்பது, யார் கழிப்பறை கழுவுவது என்ற பங்கீடு இந்தச் சமூகத்தில் பல நூற்றாண்டுகளாகப் பிறப்பின் அடிப்படையில் நடந்துவந்துள்ளது. ராணுவம் அந்தப் பங்கீட்டைச் சில காலங்களில் உடைத்திருக்கிறது. சில காலங்களில் அதற்கு அரசு முத்திரை குத்தியிருக்கிறது. ஆகவே, விருப்பப் பிரிவு என்ற சொல்லைத் தலித் இளைஞர்களின் நிலையிலிருந்து வாசித்துப் பார்ப்பது அவசியம்.

படிவம் எதை உறுதி செய்கிறது?

முதலில் விதிகளைப் பார்ப்போம். பொதுப்பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 விழுக்காடும், ஒவ்வொரு பாடத்திலும் 33 விழுக்காடும் வேண்டும். தொழில்நுட்பப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் ஆகிய பாடங்களைப் படித்து, மொத்தம் 50 விழுக்காடும் ஒவ்வொன்றிலும் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும்; அல்லது பத்தாம் வகுப்போடு உரிய ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படிப்பு வேண்டும். அலுவலக உதவியாளர் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 60 விழுக்காடு வேண்டும். அதோடு ஆங்கிலத்திலும், கணிதம் அல்லது கணக்குப்பதிவியலிலும் 50 விழுக்காடு கட்டாயம். டிரேட்ஸ்மேன் பிரிவில் இரண்டு படிகள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்களுக்குச் சமையல், பரிமாறுதல், சலவை, முடிதிருத்தம், தையல் முதலான பணிகள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு இரண்டே பணிகள்: ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர்.

விண்ணப்பதாரர் தேர்ந்துகொள்வது இந்தப் பிரிவை மட்டுமே. பிரிவுக்குள் எந்த ரெஜிமென்ட், எந்தப் படைப்பகுதி என்பதை அவர் முடிவு செய்ய இயலாது. அக்னிவீர் எந்த ரெஜிமென்ட்டுக்கும் எந்தப் பிரிவணிக்கும் அனுப்பப்படலாம், நிறுவனத்தின் தேவைக்கேற்ப மாற்றப்படலாம் என்பது சேர்க்கை நிபந்தனைகளிலேயே உள்ளது. பொதுப்பணியில் சேரும் இளைஞர் காலாட்படைக்குப் போகலாம், பீரங்கிப் படைக்கும் போகலாம். அது காலியிடங்களையும் ராணுவத்தின் ஒதுக்கீட்டையும் பொறுத்தது. எந்த நாட்டு ராணுவமும் ஒவ்வொரு சிப்பாயின் விருப்பத்துக்கேற்ப இயங்க முடியாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பிப்பவர், படிவத்தில் தாம் நிரப்புவது எதற்கு உறுதி, எதற்கு உறுதியில்லை என்பதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஆட்சேர்ப்பு முகாமுக்கு வெளியே நிற்கும் பயிற்சி மையங்களின் முகவர்கள் சொல்லும் வாய்மொழி உறுதிகளுக்கு எவ்வித மதிப்பும் இல்லை.

பதினைந்து வயதில் எடுக்கப்படும் முடிவு

மேலே கண்ட தகுதிகளை மீண்டும் ஒருமுறை வாசித்தால் ஓர் உண்மை புலப்படும். ராணுவத்தில் ஒருவரின் பணி முடிவாகும் நாள், ஆட்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓடும் நாளன்று. பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்துகொள்ளும் நாளிலேயே அது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவில் சேராத மாணவருக்கு, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ வழி தவிர, தொழில்நுட்பப் பிரிவின் கதவு அன்றே மூடிவிடுகிறது. கணிதமோ கணக்குப்பதிவியலோ இல்லாத கலைப்பிரிவில் சேர்ந்தவருக்கு அலுவலக உதவியாளர் பிரிவின் கதவும் மூடிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் 44 விழுக்காடு எடுத்தவருக்குப் பொதுப்பணியும் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் முன் எஞ்சியிருப்பவை இரண்டு பணிகள். அவற்றுள் ஒன்று துப்புரவு.

இனி, இந்த ஏணியின் எந்தப் படியில் எந்தச் சமூகத்தின் பிள்ளைகள் மிகுதியாக நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனிகளில், நிலமற்ற கூலிக் குடும்பங்களில், பள்ளியை இடையில் விடுபவர்கள் யார்? கணித ஆசிரியர் இல்லாமல் ஆண்டைக் கடத்தும் பள்ளிகளில் படிப்பவர்கள் யார்? தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளன. அவற்றின் கட்டடம், ஆசிரியர் பணியிடம், ஆய்வகம் ஆகியவற்றைப் பற்றித் தலித் இயக்கங்கள் தொடர்ந்து குரல் எழுப்பி வருகின்றன. அந்தக் கோரிக்கைகளைக் கல்விக் கோரிக்கைகளாக மட்டுமே நாம் பார்த்துவந்தோம். அவை வேலைப் பங்கீட்டைப் பற்றிய கோரிக்கைகளும் ஆகும். ஒரு பள்ளியில் இயற்பியல் ஆய்வகம் இல்லையென்றால், அந்த ஊரின் இளைஞர் ராணுவத்தில் ரேடார் பழுதுபார்ப்பவராக ஆகாமல் மெஸ் கீப்பராக ஆவதற்கான வாய்ப்பு கூடுகிறது.

இந்தக் கல்வித் தகுதி விதிகளில் சாதி என்ற சொல் இல்லை. மதிப்பெண் மட்டுமே இருக்கிறது. ஆனால் மதிப்பெண்ணுக்குப் பின்னால் பள்ளி இருக்கிறது. பள்ளிக்குப் பின்னால் தெரு இருக்கிறது. தெருவுக்குப் பின்னால் சாதி இருக்கிறது. ஆயுதப்படைகளில் போர்ப்பணி வீரர்களுக்குப் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் உள்ள இடஒதுக்கீடுகூட இங்கே இல்லை. எனவே இந்தச் சங்கிலியை எந்த இடத்திலும் அறுக்க ஒரு கருவி இல்லாமல் போகிறது.

பெயர் மாறிய பணிகள்

ராணுவத்தில் சஃபாய்வாலா என்றழைக்கப்பட்ட பணியின் இன்றைய பெயர் ஹவுஸ் கீப்பர். கடற்படையில் துப்புரவுப் பணியாளரைக் குறிக்க ஆங்கிலேயர் காலம் முதல் டோபாஸ் என்ற சொல் வழங்கியது. இப்போது மெட்ரிக் தகுதியில் சேர்க்கப்படும் அக்னிவீரர்களுக்குரிய பணிகளுள் ஒன்று ஹைஜீனிஸ்ட். கழிப்பறைகளையும் பிற பகுதிகளையும் தூய்மையாக வைத்திருப்பது அவர் வேலை. விமானப்படை, போர்ப்பணி சாராத அக்னிவீரர்களை விருந்தோம்பல், ஹவுஸ் கீப்பிங் என்ற இரு பிரிவுகளில் சேர்க்கிறது. முப்படைகளிலும் பெயர்கள் நாகரிகமாகிவிட்டன. ஆனால் அந்தப் பணிகளில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தரும் புள்ளிவிவரம் எதுவும் பொதுவெளியில் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சமைப்பதும் வெளுப்பதும் கூட்டுவதும் இழிவான வேலைகள் அல்ல. அவை இல்லாமல் எந்தப் படையும் ஒரு நாள்கூட இயங்காது. தரைப்படையில் டிரேட்ஸ்மேன் பிரிவினரும் ஆயுதப் பயிற்சி பெற்ற வீரர்களே; ஊதியமும் எல்லா அக்னிவீரர்களுக்கும் ஒன்றே. வேலையைப் பிறப்போடு கட்டிவைப்பதுதான் இழிவு. 1947 டிசம்பரில் ஜம்முவின் பாம்ப்லா அருகே ராணுவ வாகனத் தொடர் தாக்கப்பட்டபோது, பொறியாளர் படைப் பிரிவு ஒன்றின் சலவைப் பணியாளராக இருந்த ராம் சந்தர், காயம்பட்ட தம் அதிகாரியைக் காப்பாற்றித் துப்பாக்கி ஏந்திப் போரிட்டார். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. சலவைத் தொழிலாளி என்று ராணுவம் அவருக்குக் கொடுத்திருந்த பெயரில் அவருடைய ஆற்றல் அடங்கவில்லை.

ஆகவே நம் கேள்வி, அந்தப் பணிகள் இருக்கலாமா என்பதன்று. ஒரு பணிக்கு ஒரே சமூகத்தார் மட்டும் வந்து சேர்வது தற்செயலா, அல்லது ஏற்பாடா என்பதே. எட்டாம் வகுப்புத் தகுதிக்கெனத் துப்புரவுப் பணியை ஒதுக்கிவைத்து, அதிலிருந்து வேறு பிரிவுக்கு நகரும் வழியை நான்காண்டுக் காலத்துக்குள் திறந்து வைக்காவிட்டால், பிறப்பின் பழைய பங்கீடு புதிய படிவத்தின் வழியாகத் திரும்பி வருகிறது.

1892இல் மூடப்பட்ட கதவு

வேலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மறுக்கப்பட்ட வரலாறு நமக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர் வீரர்கள் பெருமளவில் இருந்தனர். 1818 ஜனவரி 1 அன்று நடந்த பீமா கோரேகான் போரில் மாண்ட மகர் வீரர்களின் பெயர்களை அங்குள்ள நினைவுத்தூண் இன்றும் தாங்கி நிற்கிறது. சென்னைப் படையிலும், குறிப்பாக மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையிலும், பறையர் சமூகத்தினர் முக்கிய இடம் பெற்றிருந்தனர். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேய ஆட்சி, வீரமரபினர் என்றும் வீரமற்ற மரபினர் என்றும் மக்களைப் பிரித்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவும், பின்னர் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாகவும் இருந்த லார்டு ராபர்ட்ஸ் இந்தக் கோட்பாட்டின் பெரும் ஆதரவாளர். தென்னிந்தியர்களின் ஆட்சேர்ப்பு சுருங்கியது. 1892இல் மகர்களின் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது.

கதவு மூடப்பட்டதால் என்ன இழப்பு என்பதை அந்தத் தலைமுறை உடனே உணர்ந்தது. ஓய்வுபெற்ற ராணுவ வீரரான கோபால் பாபா வலங்கர், மகர்களை மீண்டும் படையில் சேர்க்கக் கோரி 1894இல் விண்ணப்பம் எழுதினார். ராணுவம் அவர்களுக்குச் சம்பளம் மட்டும் தரவில்லை, எழுத்தறிவையும் தந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும், ராணுவப் பள்ளியின் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றியவர். அண்ணல் பிறந்ததும் மாவ் என்னும் ராணுவக் குடியிருப்பில்தான். ஒரு சமூகத்துக்குப் படையில் கதவு திறந்திருந்தபோது கிடைத்த கல்வி அடுத்த தலைமுறையின் அரசியலாக மாறியது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

திறந்த கதவுகளும்கூடத் தேவைக்குத் திறந்து தேவை தீர்ந்ததும் மூடப்பட்டன. முதல் உலகப் போரின்போது, 1917இல், 111ஆம் மகர் படைப்பிரிவு உருவாக்கப்பட்டது, 1921இல் கலைக்கப்பட்டது. பஞ்சாபில் மஜ்பி சீக்கியர்களைக் கொண்ட சீக்கியப் பயனியர் படைகள் சாலை அமைக்கவும் அகழி வெட்டவும், தேவைப்பட்டால் போரிடவும் பயன்பட்டன; 1930களின் தொடக்கத்தில் அவையும் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1941 ஜூலையில் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற அண்ணல், மகர்களுக்கெனத் தனி ரெஜிமென்ட் வேண்டும் என்று வலியுறுத்தினார். அவ்வாண்டு அக்டோபரில் பெல்காமில் மகர் ரெஜிமென்ட் உருவானது. மஜ்பி, ராம்தாசியா சீக்கியர்களின் ரெஜிமென்ட் அதே ஆண்டில் உருவாகி, 1944இல் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி எனப் பெயர் பெற்றது. 1943இல் உருவான சமார் ரெஜிமென்ட் கிழக்கு முனையில் ஜப்பானியருக்கு எதிராகப் போரிட்டது, 1946இல் கலைக்கப்பட்டது. அதை மீண்டும் உருவாக்க வேண்டும் என்ற கோரிக்கை வட இந்தியத் தலித் இயக்கங்களில் இன்றும் ஒலிக்கிறது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அண்ணல் கோரியது படையில் ஏதோ ஒரு வேலையை அன்று. மண்வெட்டியோடு பின்னால் நடக்கும் பணியை அவர் கேட்கவில்லை. துப்பாக்கியோடு முன்னால் நிற்கும் பணியைக் கேட்டார். சேர்வதற்கு முன்பே வேலையின் தன்மையைப் பேசி முடிவு செய்த முதல் தலைவர்களுள் அவரும் ஒருவர். தனி ஒருவருக்காக அல்ல, ஒரு சமூகம் முழுவதற்குமாக அவர் அதைச் செய்தார்.

பரம்பரைக்குக் கிடைக்கும் மதிப்பெண்

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. ஆனால் முழுமையாக மாறவில்லை. 1949இல் ஜெனரல் கரியப்பா எல்லாச் சமூகத்தினரையும் கொண்ட பிரிகேட் ஆஃப் தி கார்ட்ஸ் என்னும் ரெஜிமென்ட்டை உருவாக்கினார். மகர் ரெஜிமென்ட்டும் பின்னாளில் எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆயினும் ராஜ்புத், ஜாட், டோக்ரா, சீக்கியர் எனச் சாதி, சமூக, வட்டாரப் பெயர்களைத் தாங்கிய ரெஜிமென்ட்டுகள் தொடர்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காப்பாளர் படையில் ராஜ்புத், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகியோரே சேர்க்கப்படுவதை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் தொடரப்பட்டன. சடங்குப் பணிக்கு ஒரே மாதிரியான உயரமும் தோற்றமும் தேவை என்பது ராணுவத்தின் விளக்கம். சாதி, மத, வட்டார அடிப்படையில் ஆட்சேர்ப்பு நடப்பதில்லை என்றும், ஒரு வட்டாரத்தவரை ஒரே ரெஜிமென்ட்டில் சேர்ப்பது நிர்வாக, செயல்பாட்டு வசதிக்காகவே என்றும் ராணுவம் 2013இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அக்னிபத் வந்தபோது அனைத்திந்திய, அனைத்து வகுப்பு ஆட்சேர்ப்பு பற்றிப் பேசப்பட்டது. உடனே, ரெஜிமென்ட் முறை மாறாது என்ற உறுதியும் தரப்பட்டது.

இதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படும் வேறொன்றும் உண்டு. இன்றைய ஆட்சேர்ப்பில் பணியில் உள்ள வீரர்கள், முன்னாள் வீரர்கள், போரில் கணவரை இழந்தவர்கள் ஆகியோரின் மகன்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. ரெஜிமென்ட் மையங்களில் தலைமையக ஒதுக்கீட்டின் கீழ், வீரர்களின் மகன்களுக்கும் உடன்பிறந்தாருக்கும் தனி முகாம்கள் நடத்தப்படுகின்றன. நாட்டுக்காக உழைத்த குடும்பத்துக்கு மதிப்பளிப்பது என்ற நோக்கில் இதில் குறை காண இயலாது. போரில் தந்தையை இழந்த பிள்ளைக்குத் தரும் சலுகையை யாரும் எதிர்க்கப்போவதில்லை. ஆனால் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு சமூகத்தின் கதவை 1892இல் மூடினார்கள். 1917இல் திறந்து 1921இல் மூடினார்கள். 1943இல் திறந்து 1946இல் மூடினார்கள். அந்தச் சமூகத்தில் ராணுவத் தந்தையர் எத்தனை பேர் இருப்பார்கள்? தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட பணி, பேரனுக்குக் கிடைக்காத மதிப்பெண்ணாக இன்றைய தரவரிசைப் பட்டியலில் இடம்பெறுகிறது. இடஒதுக்கீடு தகுதியைக் கெடுக்கும் என்று வாதிடுவோர், பரம்பரைக்குத் தரப்படும் இந்த மதிப்பெண்ணைப் பற்றி ஒருபோதும் பேசுவதில்லை.

எழுத்தில் உள்ள உறுதி: அமெரிக்காவின் பாடம்

வேலையை முன்கூட்டியே உறுதி செய்யும் முறைக்கு உலகில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் நாடு அமெரிக்கா. 1973இல் கட்டாய ராணுவச் சேவை முடிவுக்கு வந்தபின், ஆள் கிடைக்க வேண்டுமானால் ஆட்களுக்கு ஏதேனும் உறுதி அளித்தாக வேண்டும் என்ற நிலை அங்கே உருவானது. சேர விரும்புவோர் முதலில் ஒரு திறனறி தேர்வை எழுதுகிறார்கள். அதன் மதிப்பெண்களைக் கொண்டு, எந்தெந்தப் பணிகளுக்கு அவர் தகுதியானவர், எவற்றில் இடம் இருக்கிறது என்று காட்டப்படுகிறது. தரைப்படையில் அவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் அது ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதப்படுகிறது. விரும்பிய பணியில் இடம் இல்லையென்றால் கையெழுத்திடாமல் திரும்பிப் போகலாம். இடம் வரும்வரை காத்திருக்கலாம். எழுத்தில் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்பது ஒப்பந்தத்திலேயே உள்ளது. பயிற்சியில் தேறாவிட்டால் உறுதியும் போய்விடும். பிறகு படையின் தேவைக்கேற்ற பணிதான்.

இந்த முறையில் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இருக்கிறது. வியட்நாம் போரின்போது, 1966இல், பாதுகாப்புச் செயலர் மக்னமாரா ஒரு திட்டத்தை அறிவித்தார். திறனறி தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றதால் முன்பு ஒதுக்கப்பட்டவர்களைப் படையில் சேர்ப்பது அதன் நோக்கம். ஏழை இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி தந்து உயர்த்தப்போவதாகச் சொல்லப்பட்டது. 1971 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன்வழி சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். குறைந்த மதிப்பெண் தொழில்நுட்பப் பணிகளின் கதவை மூடியதால், பெரும் எண்ணிக்கையினர் காலாட்படைக்கு அனுப்பப்பட்டனர். நிறவெறிப் பள்ளிகள் தந்த மதிப்பெண்ணே அவர்கள் போர்முனையில் எங்கே நிற்பார்கள் என்பதையும் முடிவு செய்தது. எழுத்தில் உறுதி இருப்பது நல்லது. ஆனால் அந்த உறுதியைக் கேட்டுப் பெறும் மதிப்பெண்ணை உருவாக்கும் பள்ளி சமமாக இல்லாத வரை, ஒப்பந்தம் ஏற்றத்தாழ்வை எழுத்தில் பதிவு செய்வதாகவே முடியும்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

முன்பு ராணுவத்தில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் ஓய்வூதியம் இருந்தது. எந்த வேலை என்ற கேள்வியின் கூர்மையை அது ஓரளவு மழுங்கச் செய்தது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் அந்த ஆறுதலை நீக்கிவிட்டது. முதலாண்டில் மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய் வரை ஊதியம். அதில் 30 விழுக்காடு சேவா நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. அதே அளவு தொகையை அரசும் செலுத்துகிறது. நான்காண்டு முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். மற்றவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் வீடு திரும்புவார்கள்.

வெளியேறும்போது அவர் கையில் இருப்பது ஒரு தொகையும், கற்ற தொழிலும், ஒரு திறன் சான்றிதழும். தொகை எல்லோருக்கும் ஒன்றுதான். தொழில் ஒன்றல்ல. வாகனப் பழுது, மின்னணுக் கருவிகள், தொலைத்தொடர்பு ஆகியவற்றில் நான்காண்டு அனுபவம் பெற்றவருக்கும், உணவுக்கூடத்தில் பாத்திரம் துலக்கிய நான்காண்டு அனுபவம் உள்ளவருக்கும் வெளியே கிடைக்கும் வாய்ப்புகள் ஒன்றாக இருக்க முடியாது. ஹவுஸ் கீப்பராக இருந்து திரும்பும் தலித் இளைஞரை இந்தச் சமூகம் என்ன வேலைக்கு அழைக்கும் என்று நாம் அறிவோம். நகராட்சி ஒப்பந்ததாரர் அவரை வரவேற்கக் காத்திருப்பார். எந்த வேலையிலிருந்து தப்புவதற்காக அவர் ஊரைவிட்டு ஓடினாரோ, அதே வேலைக்கு அரசுச் சான்றிதழோடு அவர் திரும்பி வருவார்.

மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 விழுக்காடு இடம் ஒதுக்கப்படும் என்று 2022இல் அரசு அறிவித்தது. அந்த இடங்களில் பட்டியல் சாதியினருக்கு உரிய பங்கு கிடைக்கிறதா, டிரேட்ஸ்மேன் பிரிவிலிருந்து வருபவர்கள் அங்கும் அதே பணிகளுக்குத் தள்ளப்படுகிறார்களா என்பதை இனிவரும் ஆண்டுகளில் நாம் கண்காணிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ராணுவத்தில் சேர்வதே சரியா என்ற விவாதம் தலித் அரசியலில் உண்டு. ஆதிக்க அரசின் படையில் நாம் ஏன் சேர வேண்டும் என்று கேட்கும் தோழர்களின் கேள்வி மதிக்கத்தக்கது. ஆனால் நம் ஊர்களில் விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேலை வேண்டும். அந்த வேலை எதுவாக இருக்க வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் ஆற்றலை அவர்களுக்குத் தருவது நம் கடமை.

முதலாவது, ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களிடமே இதைப் பேச வேண்டும். மாலை நேரப் பாடசாலைகள் நடத்தும் அமைப்புகள், பதினோராம் வகுப்புப் பாடப்பிரிவுக்கும் பின்னாளில் கிடைக்கும் பணிக்கும் உள்ள தொடர்பை விளக்கலாம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ. படிப்பு தொழில்நுட்பப் பிரிவின் மாற்று வழி. அதற்குக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. கல்லூரியில் என்.சி.சி. சான்றிதழ் பெற்றாலும் கூடுதல் மதிப்பெண் உண்டு. ராணுவத் தந்தை இல்லாத மாணவர் ஈட்டிக்கொள்ளக்கூடிய மதிப்பெண்கள் இவையே. விருப்ப வரிசையை நிரப்பும்போது, எந்தப் பிரிவு எளிதில் கிடைக்கும் என்பதை மட்டும் பாராமல், நான்காண்டுக்குப் பின் எது கைகொடுக்கும் என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பொதுப்பணிக்குத் தகுதி உள்ளவர், பயத்தினால் டிரேட்ஸ்மேன் பிரிவை முதல் விருப்பமாகக் குறிப்பிடும் நிலை கூடாது.

இரண்டாவது, அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள். துப்புரவுப் பணியை எட்டாம் வகுப்புத் தகுதிக்கெனத் தனியே ஒதுக்கிவைப்பது நீக்கப்பட வேண்டும். அப்பணியை எந்திரமயமாக்கி, சுழற்சி முறையில் எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டும். டிரேட்ஸ்மேன் பிரிவில் சேர்பவர் பணிக்காலத்திலேயே படித்துத் தேறி வேறு பிரிவுக்கு மாறும் வழி விதிகளில் எழுதப்பட வேண்டும். நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரின் விவரம் பிரிவுவாரியாக வெளியிடப்பட வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒவ்வொரு பணிப்பிரிவிலும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும். 2022 ஜூலையில், அக்னிவீர் விண்ணப்பத்தோடு சாதிச் சான்றிதழ் கேட்கப்படுவது குறித்துச் சர்ச்சை எழுந்தபோது, இது முன்பிருந்தே உள்ள நடைமுறைதான் என்று ராணுவம் விளக்கம் அளித்தது. அப்படியானால் சான்றிதழ் இருக்கிறது. எண்ணிச் சொல்லத்தான் மனமில்லை. 2006இல் சச்சார் குழு படைகளில் உள்ள முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் கேட்டபோதும், அதை வெளியிடப் பாதுகாப்பு அமைச்சகம் இணங்கவில்லை. படையின் ஒற்றுமை குலையும் என்பதே எப்போதும் சொல்லப்படும் காரணம். துப்புரவுப் பணியில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணினால் குலையும் ஒற்றுமை, அவர்களை அங்கேயே வைத்திருப்பதால் குலையாதா?

பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய நூலில் அண்ணல் அம்பேத்கர், 1857க்கு முன்னும் பின்னும் இந்தியப் படையில் எந்த வட்டாரத்தினர், எந்தச் சமூகத்தினர் எத்தனை பங்கு இருந்தனர் என்பதைப் பட்டியல்களாகத் தொகுத்துக் காட்டினார். 1930க்குப் பிந்தைய விவரங்களை ஆங்கிலேய அரசு சட்டமன்றத்தில் தர மறுத்ததையும் பதிவு செய்தார். ஒரு படையை அறிய வேண்டுமானால் அதில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தக் கேள்வியைப் பிரிவுவாரியாக, பணிவாரியாகக் கேட்க வேண்டும். விடை வரும்வரை கேட்க வேண்டும்.